கண்ணாடி ஏற்றிய கார்

மைலேஜ் என்ன கொடுக்கும் என்று கேட்டீர்கள். பழைய கார் பார்க்க வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான், தப்பில்லை. கிலோமீட்டரில் அளக்கிற வண்டிக்கு எதற்கு மைல் பெயர் என்று நான் திருப்பிக் கேட்கப்போவதில்லை. போன வருஷம் என்றால் கேட்டிருப்பேன். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். உங்கள் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சித்திரையிலிருந்து அந்த எண்ணைத் தனியாகச் சொல்ல எனக்கு வருவதில்லை. அதன் பின்னாலேயே மற்றதும் வந்துவிடுகிறது. வாங்கப்போகிறவர் நீங்கள், தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

துறையூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். துறைத்தலைவர். துறையில் என்னையும் சேர்த்து மூன்று பேர், இருந்தாலும் தலைவர் தலைவர்தானே. இந்த உறையூரிலிருந்து போக வரத் தொண்ணூறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஒன்பது வருஷமாக இந்தக் காரில்தான் போனேன்.

பெட்ரோல் விலை ஏறியது. உங்களுக்கும்தான் ஏறியது, அது எனக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. ஆனால் தினம் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு சொறி மாதிரி. கை தானாக அங்கேயே போகும். காலையில் பல் தேய்த்துக்கொண்டே இன்றைக்கு எவ்வளவு என்று ஃபோனில் பார்ப்பேன். பார்த்துவிட்டால் குறையப்போகிறதா, இல்லை. இருந்தாலும் பார்ப்பேன்.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. போயிருக்கலாம். துறைத்தலைவர் பஸ்ஸில் வந்து இறங்கினால், பாவம் சாருக்கு என்ன கஷ்டமோ என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் பேசுவார்கள். ஆகவே காரையும் விடக் கூடாது, பெட்ரோலும் ஆகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்தேன். டிக்கியில் இருந்ததை எல்லாம் இறக்கினேன். ஸ்டெப்னியைக்கூட இறக்கி வைத்தேன். பயப்படாதீர்கள், திரும்ப வைத்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் டயருக்குக் காற்று. நாற்பத்தைந்துக்கு மேல் போவதில்லை. டவுன் பஸ் என்னைத் தாண்டும், மாட்டு வண்டி மட்டும் தாண்டியதில்லை. பிரேக்கைத் தொட்டால், வாங்கிய பெட்ரோலை ரோட்டில் ஊற்றுகிற மாதிரி என்று தமயந்தியிடம் விளக்கியிருக்கிறேன். தமயந்தி என் மனைவி. உள்ளே அடுப்படியில் இருக்கிறாள், கொஞ்ச நேரத்தில் உங்களுக்குக் காப்பி வரும்.

அப்புறம் ஏசியை நிறுத்தினேன். ஆனால் கண்ணாடியை இறக்கவில்லை.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கண்ணாடி திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுக்கும், அதற்கும் பெட்ரோல் செலவாகும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம். ஆனால் அது எண்பது தொண்ணூறில் போகிறவனுக்கு. நாற்பத்தைந்தில் போகிறவனுக்கு அந்தக் காரணம் பொருந்தாது, அதுவும் எனக்குத் தெரியும். உண்மைக் காரணம், கண்ணாடி இறங்கியிருந்தால் ஏசி போடவில்லை என்று பக்கத்து வண்டிக்காரனுக்குத் தெரிந்துவிடும். ஏறியிருந்தால் தெரியாது. அவ்வளவுதான். சிக்னலில் நிற்கும்போது மடியில் இருக்கிற துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குளுகுளுவென்று இருக்கிற மாதிரி நேரே பார்ப்பேன். திருச்சி வெயிலில்.

ஏப்ரல் முதல் வாரம் குளித்தலையில் தமயந்தியின் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. உச்சி வெயிலில் அவளைப் பட்டுப் புடவையோடு பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, அதே நாற்பத்தைந்தில் ஓட்டிக்கொண்டு போனேன். பெட்டவாய்த்தலை தாண்டியதும் கைக்குட்டையைப் பிழிந்தாள், அவ்வளவுதான். பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன். மண்டப வாசலில் அவள் அண்ணன் வந்து கதவைத் திறந்தார். ஆவி அவர் முகத்தில் அடித்தது.

"என்ன மாப்ள, காருக்குள்ள இட்லி அவிச்சுக்கிட்டு வர்றீங்களா?"

"ஏசி இப்பத்தான் மக்கர் பண்ணுச்சு மச்சான்," என்றேன்.

தமயந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டிலும் ஏசி கிடையாது, கவனித்திருப்பீர்கள். மின்விசிறி போதும் என்பது என் கொள்கை. கொள்கை எனக்கு, அடுப்படி அவளுக்கு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதினெட்டு கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, சித்திரை பிறந்ததும் பதினாலரைக்கு வந்தது. இத்தனை செய்தும் ஏறவில்லை, குறைந்தது. இரண்டு தடவை, மூன்று தடவை டாங்கை நிரப்பிப் பார்த்தேன், அதே பதினாலரை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. என்ன மாறியது என்று யோசித்தேன். டயர் அதே, ரோடு அதே, கால் அதே. மாறியது ஒன்றே ஒன்று. கொள்ளிடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பங்க்கில் கூட்டம் குறைவு, வரிசையில் நின்று எஞ்சினை எரிக்க வேண்டாம் என்று, அந்த ஏப்ரலில்தான் அங்கே மாறியிருந்தேன். ஆகவே பங்க்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது என்ன தெரியுமா? இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் மாறினால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடாதே. மூன்றாவதாக ஒன்று உன் கண்ணுக்குப் படாமல் இருக்கும். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்கிறேன். கரும்பலகையில் எழுதி அடிக்கோடு வேறு போடுவேன்.

அந்தப் பங்க்கில் பெட்ரோல் போட்டவர் சகாயராணி. முப்பத்தைந்து வயது இருக்கும். நீலச் சட்டை, வெயிலுக்காக முகத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா. "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்பார். எல்லா பங்க்கிலும் சொல்வதுதான், ஆனால் மற்றவர்கள் சொல்லிக்கொண்டே பைப்பைச் செருகிவிடுவார்கள். இவர் நாம் மீட்டரைப் பார்த்துத் தலையாட்டும்வரை நிற்பார். எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று பட்டது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

மே மாதம் ஒரு நாள் காலை, அன்றைக்கென்று வரிசையில் பத்துப் பன்னிரண்டு வண்டி. நான் இறங்கினேன்.

"ஏம்மா, ஒவ்வொரு தடவையும் என் பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போவுதே, எங்கம்மா போவுது?"

"சார், ஜீரோ பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். ஜீரோ ஒண்ணுதாம்மா உன்கிட்ட சரியா இருக்கு."

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடமும் ஏமாற்றுகிறேன் என்று ஆகிவிடும்.

பங்க்கில் அரசு முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவை ஒன்று இருக்கும். வாடிக்கையாளர் யார் கேட்டாலும் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். கேட்டேன். அவரே போய் எடுத்துக்கொண்டு வந்தார். பிடித்தார். கோட்டில் நின்றது. ஒரு மயிரிழை மேலே இல்லை, கீழே இல்லை. நான் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். அங்கேயே வண்டியை எடுத்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் கேட்டதுனால சரியா வந்துச்சு. கேக்காத ஆளுக்கு?"

"கேக்காத ஆளுக்கும் இதே கைதான் சார்," என்றார் சகாயராணி.

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது வகுப்பறைப் பழக்கம். உழைக்கிறவன் பணம் என்றேன், கையில் இருக்கிறது வித்தை என்றேன், பைப்பை விட்டு விட்டு அழுத்தினால் மீட்டருக்குத் தெரியாது என்றேன். அப்படி அவர் அழுத்தி நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் அதை ஃபோனில் எடுத்தார். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. சாயங்காலத்துக்குள் அது சுற்றி என்னிடமே வந்தது. நான் என்ன செய்தேன்? எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். கூடவே மைலேஜ் குறைந்ததைக் காட்ட ஒரு அட்டவணை. 'புரொபசர் சார் சூப்பர்' என்று வந்தது. கைதட்டுகிற பொம்மைகளை எண்ணினேன். அங்கிருந்து அது எங்கெங்கோ போயிருக்கிறது, துறையூர்ப் பிள்ளைகள்வரை.

அடுத்த முறை போனபோது அங்கே வேறு ஆள். கேட்டேன்.

"அந்தக்காவ நிறுத்திட்டாங்க சார். அவங்க பைப்புக்கு யாரும் வண்டி விட மாட்டேங்கறாங்க."

அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லை, நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாற்பத்தைந்தில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்றக் கல்லூரிக்குப் போனேன்.

வண்டி அதே பதினாலரைதான் கொடுத்தது. வேறு பங்க்குக்கு மாறினேன். பதினாலரை. மெக்கானிக்கிடம் விட்டேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணுமே இல்ல சார், நீங்க போற ஸ்பீடுக்கு அது இருபது குடுக்கணும்," என்றார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. பாருங்கள், ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் அப்படித்தான்.

ஆனி மாதம். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் காவிரிக்கரைக்கு நடந்து போவேன், காரைத் தொடுவதில்லை, திரும்ப ஏழாகும். அன்று தெருமுனை தாண்டியதும் செருப்பு வார் அறுந்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி வந்தேன். அதனால் சத்தம் இல்லை. கார் நிற்கிற இடம் பார்த்தீர்களே, மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எவனோ காரைக் கிளப்புகிறான் என்று நினைத்தேன்.

உள்ளே தமயந்தி. சீட்டைப் பின்னால் சாய்த்து, இரண்டு காலையும் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி. முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அவளை அப்படி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கண்ணாடியைத் தட்டினேன். நாலு விரல் அளவுக்கு இறக்கினாள். ஏசிக் காற்று என் முகத்தில் பட்டது.

"வாக்கிங் முடிஞ்சுதா?"

"என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன்."

"எத்தனை நாளா?"

"குளித்தலை போயிட்டு வந்தோமே, அதுலேர்ந்து. நீங்க அந்தப் பக்கம் போனதும் வருவேன். ஞாயித்துக்கிழமை நீங்க மத்தியானம் தூங்கும்போதும் வருவேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா சாவியைப் பையில போட்டுக்கிட்டு வாக்கிங் போவீங்க."

போட்டுக்கொண்டுதான் போயிருப்பேன்.

"பங்க்ல கேட்டீங்க, மெக்கானிக்கைக் கேட்டீங்க," என்றாள். "வீட்டுல கேக்கணும்னு தோணலை இல்ல?"

அந்த நிமிஷம் எனக்கு வெட்கம் வந்தது என்று சொன்னால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள். முதலில் வந்தது நிம்மதி. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடியிருக்கிறது, பெட்ரோல் குறைந்திருக்கிறது, கிலோமீட்டர் ஏறவில்லை, ஆக மூன்றரை எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. கணக்கு சரியாக வந்ததில் ஒரு சந்தோஷம். அதற்கு அப்புறம்தான் அந்த நீலச் சட்டை ஞாபகம் வந்தது. தமயந்திக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"அந்தப் பங்க்குப் பொண்ணு?" என்றாள். வீடியோவை அவளும் பார்த்திருந்தாள். ஏதோ சத்தம் போட்டேன், அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறாள்.

"வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

அவள் எஞ்சினை அணைத்தாள். கீழே இறங்கிச் சாவியை என் கையில் வைத்தாள்.

"நாளைக்கே போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"என் பொண்டாட்டி கார்ல உக்காந்து காத்து வாங்கினான்னு."

சொல்லுங்கள், அதை எப்படிச் சொல்வது? பங்க்கு முதலாளி கதிரேசன் முன்னால் போய் உட்கார்ந்து, என் மனைவிக்குக் காற்று வாங்க வேறு இடம் இல்லை என்று சொல்வதா? போனேன். நாள் தள்ளித் தள்ளி, மூன்று வாரம் கழித்துப் போனேன். வண்டியில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது, இப்போதுதான் தெரிந்தது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"கோளாறு எதுல சார்?"

"எஞ்சின் பக்கம்."

"சரி. அதை எங்க போட்டீங்களோ அங்க போடுங்க புரொபசர் சார். எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?"

போட்டேன். ஏழு தடவை எழுதி, அடித்து, கடைசியில் போட்டது அப்படியே மனப்பாடம்: 'முன்னர் அளிக்கப்பட்ட புள்ளிவிவரத்தில், கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாத காரணி ஒன்று இருந்தமை பின்னர் அறியப்பட்டுள்ளது.' பதினொரு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் மட்டும், 'சார், இது தண்ணி வரி சம்பந்தமாவா?' என்று கேட்டார். நான் பதில் போடவில்லை. என் கடமை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

முடியவில்லை போலிருக்கிறது. அந்தப் பங்க்கைத் தாண்டி வண்டி ஓட்ட முடியவில்லை. அங்கே வந்ததும் பிரேக்கில் கால் போகிறது. பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஆசிரியர் அறையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவும் ஒரு ஏமாற்றம்தான். காரை விற்றுவிடலாம் என்று சொன்னபோது தமயந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வித்துட்டா ஆச்சா? கார் யாரையாவது ஏதாவது சொல்லுச்சா?" என்றாள்.

போன வியாழக்கிழமை கண் டாக்டரைப் பார்க்கத் தில்லைநகர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்தில், வெயிலில் நின்று டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார் சகாயராணி. துப்பட்டா அதே துப்பட்டா. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாத்து சார், படி இருக்கு," என்றார்.

"அம்மா, அன்னிக்கு நான்..."

"தெரியும் சார். வீட்டம்மா வந்தாங்க."

எனக்குப் புரியவில்லை. யார் வீட்டம்மா என்று கேட்டேன்.

"உங்க வீட்டம்மாதான். ஆனியிலயே வந்தாங்களே. பங்க்குக்கு வந்து, ஓனர் ரூம்ல, எல்லாரும் இருக்கறப்பவே, நான்தான் கார்ல உக்காந்து எரிச்சேன், இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு சொன்னாங்களாம். அப்புறம் அட்ரஸ் கேட்டு எங்க வீட்டுக்கும் வந்தாங்க. மோர் குடுத்தேன், குடிச்சாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் சொன்ன தேதியைப் பார்த்தால், செருப்பு அறுந்து நான் பாதியில் திரும்பி வந்ததற்கு அடுத்த நாள், நான் கல்லூரி போனதும் இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். நான் கதிரேசனிடம் எஞ்சின் கோளாறு என்று சொன்னபோது அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் கோளாறு எதில் என்று கேட்டிருக்கிறார்.

"அப்ப உங்களைத் திரும்ப எடுத்துக்கலையாம்மா?"

"எடுத்தாங்க சார். நாலு நாள் போனேன். வர்றவங்க ஃபோனைக் காட்டி, இது நீதானன்னு கேக்கறாங்க. அஞ்சு லிட்டர் பிடி, பிடின்னு ஆளுக்கு ஆளு. வீட்டம்மா சொன்னது ஓனருக்குத் தெரியும். வண்டியில வர்றவங்களுக்கு யாரு சொல்றது?"

ஒரு வேன் வந்தது. டோக்கன் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அதற்குள், மன்னிச்சிடும்மா, தப்பு என் மேலதான் என்றேன்.

"நீங்க அன்னிக்கு சத்தமா சொன்னீங்க சார்," என்றார். "இன்னிக்கு மெதுவா சொல்றீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மீட்டரைக் காட்டுகிற மாதிரி சொன்னார்.

இன்றைக்கு ஐந்தாம் நாள். சத்தமாகச் சொல்லி ஒரு வீடியோ எடுக்க நானே முயற்சி செய்தேன். ஃபோனைத் திருப்பினால் என் முகமே தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு பேச வரவில்லை. தமயந்தியைப் பிடிக்கச் சொன்னேன். "அன்னிக்கு எடுத்தது யாருன்னே தெரியாத ஆளு. இன்னிக்கும் அப்படி ஒருத்தர் எடுக்கட்டும்," என்றுவிட்டாள். பங்க்குக்குப் போய்வந்ததைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

நீங்கள் வந்தீர்கள். காரை வாங்குங்கள், வாங்காமல் போங்கள், அது அப்புறம். இதைக் கொஞ்சம் பிடியுங்கள். இந்தச் சிவப்பு வட்டத்தைத் தொட்டால் போதும். ம். ஓடுகிறதா?

வணக்கம். அண்மையில் எரிபொருள் அளவு தொடர்பாக எழுந்த கருத்து வேறுபாடு குறித்து...

நிறுத்துங்கள். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மறுபடியும்.

வணக்கம். மே மாதம் நான் சொன்ன புகாருக்கு, என் மனைவியின் கவனக்குறைவால்...

அழியுங்கள். இப்போதே அழித்துவிடுங்கள். அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள். அழிந்ததா? காட்டுங்கள். சரி. ஒரு நிமிஷம் இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

என் பெயர் வேதரத்தினம். மே மாதம் பெட்ரோல் பங்க்கில், சகாயராணி என்கிற அம்மா பெட்ரோலைக் குறைத்துப் போடுகிறார் என்று சத்தம் போட்டேன். அவர் சரியாகத்தான் போட்டார். அன்றைக்கு அளந்தபோதும் சரியாக இருந்தது. குனிந்து பார்த்தவன் நான். பார்த்துவிட்டும் பேசினேன். பெட்ரோல் என் வீட்டு வாசலில் எரிந்தது. நான் கஞ்சத்தனத்தில் ஏசியை அணைத்து, ஊருக்காகக் கண்ணாடியை ஏற்றிவைத்து, என் மனைவியை வெயிலில் வேகவைத்தேன். அவள் எனக்குத் தெரியாமல் அதே காரில் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக உட்கார்ந்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. சகாயராணிக்கு வேலை போனது என்னால். பழைய வீடியோவை வைத்திருக்கிறவர்கள் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

போதும். சத்தமாகக் கேட்கும் அல்லவா? கொடுங்கள், அனுப்புவதை நான் செய்கிறேன். குழுவில் இருநூறு பேர். துறையூர்ப் பிள்ளைகளுக்கும் போடுகிறேன். போய்விட்டது.

உள்ளே மணி அடித்தது கேட்டதா? அது தமயந்தியின் ஃபோன். அவளும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். பொறுங்கள், பேசாதீர்கள். என் குரல்தான். என் குரல் இவ்வளவு கீச்சென்றா இருக்கும்? குழாயை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளைப் பற்றி வருகிற இடம் இப்போதுதான். நிறுத்தவில்லை, பாருங்கள். முழுவதும் கேட்கிறாள்.